மேரியன் லாட்விக் அம்மையாரும் எட்டு ஆட்டங்களும்

'போலிங்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் நாட்டவர் நினைவு கிரிக்கெட் மைதானத்தை நோக்கியே ஓடும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட போலிங் அதுவன்று. கூரையின் கீழே, வழவழப்பான பலகைத் தளத்தின் மீது, கனத்த பந்தொன்றை உருட்டிவிட்டு, அறுபது அடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருக்கும் பத்து மரக்குற்றிகளைச் சாய்க்கும் ஆட்டம் அது. அமெரிக்க மக்கள் இதனைப் பத்துக்குற்றிப் போலிங் என்பர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டின் தொழிலாளரும் எழுதுவினைஞரும் குடும்பப் பெண்களும் இதைப் போல வேறெந்த விளையாட்டையும் தமக்குரியதாகக் கொண்டிருந்தனர் என்று சொல்வது கடினம். அந்நாட்டு ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்குள்ளேயே 1947ஆம் ஆண்டில் ஒரு போலிங் தளம் அமைக்கப்பட்டது என்றால், அக்காலத்தில் அந்த ஆட்டம் பெற்றிருந்த செல்வாக்கை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தில் ஒரு பெண்மணி பெற்ற வெற்றியை வரலாறு எவ்வாறு பதிந்து வைத்திருக்கிறது, அந்தப் பதிவை நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அவர் பெயர் மேரியன் லாட்விக்.

முதலில் ஆட்டத்தின் கணக்கைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். கணக்கு விளங்காவிட்டால் அவருடைய பெருமையும் விளங்காது. பத்துக் குற்றிகளும் முக்கோண வடிவில், கூர்முனை ஆட்டக்காரரை நோக்கி இருக்குமாறு நிறுத்தப்படும். ஒவ்வொரு குற்றியும் 15 அங்குல உயரமுடையது. பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படலாகாது. தளத்தின் அகலமோ ஏறத்தாழ மூன்றரை அடிதான். ஓர் ஆட்டம் பத்துச் சுற்றுக்களைக் கொண்டது; சுற்று ஒன்றுக்கு இருமுறை பந்தை உருட்டலாம். முதற் பந்திலேயே பத்தும் சாய்ந்தால் அதற்கு 'ஸ்ட்ரைக்' என்று பெயர். இரண்டாம் பந்தில் மீதி அனைத்தும் சாய்ந்தால் அது 'ஸ்பெயார்'. ஸ்பெயார் ஒன்றுக்குப் பத்துப் புள்ளிகளும், அதன்மேல் அடுத்த ஒரு பந்தில் விழும் குற்றிகளும் சேரும். ஸ்ட்ரைக் ஒன்றுக்குப் பத்துடன் அடுத்த இரு பந்துகளில் விழுபவையும் சேரும். ஆதலால் ஸ்ட்ரைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும்போதுதான் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் அடித்தவர் 300 புள்ளிகளைப் பெறுவார். அதுவே உச்சம்.

ஒரு சுற்றில் ஸ்ட்ரைக், மறு சுற்றில் ஸ்பெயார் என மாறி மாறி ஆட்டம் முழுவதும் பிழையின்றி ஆடுபவர் சரியாக 200 புள்ளிகள் பெறுவார். இதற்கு அமெரிக்கர் 'ஒல்லாந்தர் இருநூறு' என்று ஒரு பெயரும் வைத்திருக்கின்றனர். நம் கரையோரக் கோட்டைகளில் நாம் கண்டறிந்த அந்த ஒல்லாந்தர் நியூ யோர்க் பகுதியிலும் ஒருகாலத்தில் குடியேறி, ஒன்பது குற்றி ஆட்டத்தை அங்கே ஆடி வந்தனர். இங்கே நாம் மனத்திற் கொள்ள வேண்டியது அந்த 200 என்னும் எண். ஒரு குற்றியையும் கடைசியில் எஞ்சவிடாத ஆட்டத்தின் அளவு அது. அதற்கு மேலே நெடுந்தூரம் ஏற வேண்டுமானால் பிழையின்மை மட்டும் போதாது. ஸ்ட்ரைக்கின் மேல் ஸ்ட்ரைக் விழ வேண்டும்.

இவ்வாட்டத்திற்கு நெடுங்காலம் நல்ல பெயர் இருந்ததில்லை. மதுச்சாலைகளின் பின்புறத்திலும் நிலவறைகளிலும் பந்தயப் பணம் வைத்து ஆடப்பட்ட விளையாட்டு இது. 1841ஆம் ஆண்டிலே கனெக்டிகட் மாநிலம் ஒன்பது குற்றி ஆட்டத்தைச் சட்டத்தினால் தடைசெய்தது. சட்டம் ஒன்பதைத்தானே தடுக்கிறது என்று கூறிப் பத்தாவது குற்றியைச் சேர்த்துக்கொண்டார்கள் என ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானது, ஆயினும் அதற்கு முன்னரே பத்துக் குற்றி வைத்து ஆடியமைக்கு அடையாளங்கள் இருப்பதால் வரலாற்று மாணவர் அதை அப்படியே நம்புதல் ஆகாது. 1895இல் நியூ யோர்க் நகரிலே அமெரிக்க போலிங் காங்கிரஸ் என்னும் சங்கம் நிறுவப்பட்டு, விதிகளும் அளவுகளும் ஒரு நிலைக்கு வந்தன. அச்சங்கம் ஆடவருக்கே உரியதாக இருந்தது. 1916இல் சென்ற் லூயிஸ் நகரில் நாற்பது பெண்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு தனிச் சங்கத்தை அமைத்தனர். பிற்காலத்தில் பெண்கள் சர்வதேச போலிங் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது அதுவே. மதுச்சாலையின் வாசனை முற்றாக நீங்காத ஓரிடத்திற்கு மானமுள்ள குடும்பப் பெண்கள் மாலைவேளையிற் செல்வதா என்ற கேள்வி அக்காலத்து அமெரிக்காவிலும் கேட்கப்பட்டதே. பெண்பிள்ளைகளை வலைப்பந்தாட்டக் குழுவிற் சேர்ப்பதற்குப் பெற்றாரின் சம்மதம் பெறவேண்டிய எம்போன்ற அதிபர்களுக்கு இக்கேள்வி புதியதன்று.

இவ்வாறு சங்கம் தோன்றுவதற்கு ஈராண்டு முன்னர், 1914 ஒக்ரோபர் 30ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் மேரியன் பிறந்தார். பிறந்த குடும்பத்தின் பெயர் வான் ஊஸ்டன். பெயரே ஒல்லாந்து மரபைச் சொல்லும். அந்நகரில் ஒல்லாந்திலிருந்து வந்து குடியேறியவர் மிகப் பலர். தளபாடத் தொழிலுக்கு அமெரிக்கா முழுவதும் பெயர்போன ஊர் அது. பற்சிதைவைத் தடுப்பதற்காகக் குடிதண்ணீரில் புளோரைட் கலக்கும் முறையை உலகில் முதன்முதல் மேற்கொண்ட நகரமும் அதுவேயாம். அது நிகழ்ந்தது 1945இல்.

மேரியன் முதலில் ஆடியது போலிங் அன்று. பேஸ்போலின் உறவான சொவ்ட்போல் ஆட்டத்திலேயே அவர் பெயரெடுத்திருந்தார். வலிய கை, குறி தப்பாத எறி. அவ்வூரில் 'பனட்டோரியம்' என்ற போலிங் நிலையத்தை நடத்திய வில்லியம் மொறிசி என்பவர் அந்தக் கையைக் கவனித்தார். இந்தக் கை பந்தை உருட்டினால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவருடைய தூண்டுதலால் 1937ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாவது வயதில், மேரியன் முதன்முறையாகப் போலிங் தளத்தில் கால் வைத்தார். அன்றைய முதல் ஆட்டத்தில் அவர் பெற்ற புள்ளிகள் எண்பதைச் சற்றே தாண்டின. நூறைக்கூட எட்டவில்லை. பிற்காலத்துச் சாதனையாளர் பலரைக் குறித்து, 'முதல் நாளிலேயே பார்த்தவர் வியந்தனர்' என்று எழுதுவது வழக்கம். இவரைப் பற்றி அவ்வாறு எழுத இயலாது.

மொறிசி அவருக்குக் கற்பித்த பாடங்களுள் தலையாயது மிகவும் சுருக்கமானது: ஒவ்வொரு நாளும் ஆட வேண்டும். இத்தகைய அறிவுரையை யாரும் சொல்லலாம். நாமும் வகுப்பறையிலே நாள்தோறும் சொல்கிறோம். கேட்பவர் அதைச் செய்கிறாரா என்பதே வேறுபாடு. மேரியன் செய்தார். 1940 முதல் 1962 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், அவர் நாள் தவறாது ஆடினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். இதனை ஓய்வும் வசதியும் பெற்ற ஒரு சீமாட்டியின் பொழுதுபோக்காக நேயர்கள் கருதிவிடக் கூடாது. அவர் மணமானவர், ஒரு மகளின் தாய். அதே போலிங் நிலையத்தில் காசாளராக வேலை பார்த்தார். ஆட வருவோரிடம் பணம் வாங்குவதும், தளம் ஒழிந்த வேளையில் தாம் ஆடிப் பழகுவதுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. பிழைப்பும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் அமைந்தது அவருக்கு வாய்த்த நற்பேறு. வேறோர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்குமா என்பது ஐயமே.

அக்காலத்துப் போலிங் நிலையத்தையும் நாம் மனக்கண்ணிற் காண வேண்டும். சாய்ந்த குற்றிகளை நிமிர்த்தி வைக்க இயந்திரம் இல்லை. தளத்தின் கோடியிலே ஒரு குழியின் மேல் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பர். பந்து வந்து மோதிக் குற்றிகள் சிதறிப் பறந்ததும் கீழே குதித்து, குற்றிகளை மீண்டும் ஒழுங்காக நிறுத்தி, பந்தைத் திருப்பி உருட்டிவிடுவர். சிதறும் குற்றி கணுக்காலைப் பதம் பார்க்கும், கூலியோ சொற்பம். வீரர்களின் பெயர்களை ஏட்டில் எழுதியவர்கள் இச்சிறுவர்களின் பெயர்களை எழுதவில்லை. 1940களிலும் அதற்கு முன்னும் பெறப்பட்ட ஒவ்வொரு புள்ளியிலும் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. தானியங்கிக் குற்றிநிறுத்தும் இயந்திரம் 1946இல் பபலோ நகரில் மக்களுக்குக் காட்டப்பட்டது. 1950களின் தொடக்கத்திலேதான் நிலையங்களுக்கு வரத் தொடங்கியது.

உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாகத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். தொழிற்சாலைகள்தோறும் போலிங் குழுக்கள் இருந்தன. அக்குழுக்களிலே பெண்களும் சேர்ந்தனர். போர் முடிந்து பலர் வேலையை இழந்து வீடு திரும்பிய பின்னரும் ஆட்டத்தை விடவில்லை. ஆகவே, போலிங் நிலைய உரிமையாளர் சங்கம் 1941 முதல் நடத்திவந்த 'ஓல் ஸ்டார்' என்னும் தேசியப் பெரும் போட்டியில் 1949ஆம் ஆண்டு பெண்களுக்கும் ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டது வியப்பன்று. அந்த முதற் போட்டியில் முதலிடம் பெற்றவர் லாட்விக் அம்மையார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. முதல் ஆட்டத்திற்கும் முதற் பெரும்பட்டத்திற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன. அடுத்து வந்த மூன்று போட்டிகளிலும் அவரே வென்றார். நகரம், மாநிலம், தேசம் ஆகிய மூன்று நிலைகளிலும் ஒரே பருவகாலத்தில் ஒட்டுமொத்தப் புள்ளிப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் என்ற பெருமையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே அவருக்குக் கிடைத்தது.

இனி, தலைப்பிலே குறித்த எட்டு ஆட்டங்களுக்கு வருவோம். ஆண்டு 1951. இடம் சிக்காகோ. ஓல் ஸ்டார் போட்டியில் ஆடவரும் பெண்டிரும் தனித்தனிப் பிரிவினராக, ஒரே மண்டபத்தில், ஒரே வகைத் தளங்களின் மேல் ஆடினர். அன்று அவர் ஆடிய ஆட்டங்கள் எட்டு. அவற்றின் புள்ளிகளை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இத்தகைய இடங்களில் புகழுரையைக் காட்டிலும் எண்களே நன்றாகப் பேசும். 255, 279, 247, 227, 247, 224, 255, 247. கூட்டினால் 1,981. எட்டால் வகுத்தால் ஆட்டத்திற்கு 247.6.

மேலே கூறிய 'ஒல்லாந்தர் இருநூறு' என்னும் அளவை இங்கே பொருத்திப் பாருங்கள். எட்டில் மிகக் குறைந்த ஆட்டம் 224. அதாவது அவருடைய அன்றைய தாழ்வே பிழையற்ற அந்த ஆட்டத்தின் அளவிற்கு 24 புள்ளிகள் மேலே நிற்கிறது. மிக உயர்ந்த ஆட்டம் 279; முழுமைக்கு 21தான் குறைவு. 247 மூன்று முறை வந்திருக்கிறது. 255 இரு முறை. ஓர் ஆட்டத்தில் 279 பெறுவது திறமையோடு அதிர்ஷ்டமும் கூடினால் பலருக்கு வாய்க்கலாம். எட்டு ஆட்டங்களில் ஒன்றும் கீழே விழாமற் பிடித்து வைப்பதற்கு அதிர்ஷ்டம் துணை வராது. காலையில் கை இலேசாக இருக்கும். பிற்பகலில் 16 இறாத்தல் வரை கனக்கும் பந்தைத் தூக்கித் தூக்கி விரல்கள் வீங்கும். தளத்திற் பூசிய எண்ணெய் பந்துகள் ஓட ஓட இடம்மாறி, காலையில் திரும்பிய பந்து மாலையில் அவ்வாறு திரும்பாது. இவற்றையெல்லாம் தாண்டி எட்டாவது ஆட்டத்திலும் 247 வந்ததே, அதுதான் என்னை மிகவும் வியக்கச் செய்கிறது. 279 அன்று.

அன்றைய தினத்தில் அந்த மண்டபத்தில் ஆடிய ஆடவருள் எவரும் அந்தத் தொகையை எட்டவில்லை. அந்நாட்டின் தலைசிறந்த ஆடவர் அங்கே திரண்டிருந்தனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். செய்தியாளர் அதைப் பெரிதாக எழுதினர். பின்வந்தோரும் அதனையே திரும்பத் திரும்ப எழுதி வருகின்றனர்.

ஆனால், இச்செய்தியைக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. 'ஆண்கள் அனைவரையும் ஒரு பெண் தோற்கடித்தார்' என்று சிலர் எழுதிவிடுவர். அஃது உண்மையன்று. அவர் ஆடவர் பிரிவில் ஆடவில்லை; ஆடவரின் பட்டத்திற்குப் போட்டியிடவுமில்லை. ஆடவர் போட்டியோ பல நாட்கள், மிகப் பல ஆட்டங்கள் கொண்டது. அங்கே ஒரு நாள் வென்றவர் மறுநாள் தோற்பார். லாட்விக் அம்மையார் அவர்களுடன் முழுப் போட்டியும் ஆடியிருந்தால் முடிவு எவ்வாறிருக்கும் என்பதற்கு வரலாற்றில் விடையில்லை; அவ்வாறு ஆட அவருக்கு இடமே அளிக்கப்படவில்லை. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: ஒரே நாளில், ஒரே வகைத் தளத்தில், ஒரே விதிப்படி எண்ணப்பட்ட புள்ளிகளில், எவரும் அவருக்கு மேலே இல்லை. இதுவே போதுமான பெருமை. மிகைப்படுத்த வேண்டிய தேவையில்லை. பெண்களுக்கு இயற்கையிலேயே இவ்வாட்டத்தில் ஓர் எல்லை உண்டு என்று அதுவரை வாதித்தவர்கள் அந்த எல்லை எது என்பதை அன்றுமுதல் வேறெங்கோ தேட வேண்டியதாயிற்று.

இரண்டாவது எச்சரிக்கை இதனிலும் முக்கியமானது. 'நாட்டின் தலைசிறந்தோர் அனைவரும்' என்று சற்றுமுன் சொல்லும் நிலைக்கு நாமும் வந்துவிட்டோம். அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் அடங்கியவர் யார்? அமெரிக்க போலிங் காங்கிரஸின் யாப்பு, வெள்ளையின ஆடவருக்கு மட்டுமே உறுப்புரிமை உண்டு என்று வெளிப்படையாகவே கூறியது. பெண்கள் சங்கமும் நிற வேற்றுமையில் அதற்குப் பின்தங்கியிருக்கவில்லை. தாம் பெண்கள் என்பதால் வெளியே நிறுத்தப்பட்டுத் தனிச் சங்கம் கண்டவர்கள், நிறத்தைக் காட்டி வேறு பெண்களை வெளியே நிறுத்தினார்கள். கறுப்பின மக்கள் தமக்கென ஒரு தேசியச் சங்கத்தை 1939இல் தோற்றுவித்தனர். அது தோன்றிய இடம் டெற்றோயிற். லாட்விக் அம்மையார் வாழ்ந்த அதே மிச்சிகன் மாநிலத்து நகரம் அது. கிராண்ட் ரப்பிட்ஸிலிருந்து அதன் தொலைவு நம் கொழும்பிற்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடைப்பட்ட தூரத்திலும் குறைவு. அங்கே எத்தனை நல்ல கைகள் இருந்தன, ஓல் ஸ்டார் மண்டபத்திற்கு வந்திருந்தால் அவர்களுள் யார் யார் எத்தனை புள்ளி பெற்றிருப்பர் என்பதெல்லாம் ஏட்டில் ஏறாத கணக்கு.

இத்தடையை நீக்கப் போராடியவர்களுள் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தினர் முன்னின்றனர். தம் சங்கத்திலே கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே நின்று உழைக்க, வேலை முடிந்தபின் ஒரே தளத்தில் ஆடக் கூடாதென்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளும் யப்பானிய அமெரிக்கரின் சங்கமும் துணை நின்றன. 1947இல் நீதியான போலிங்கிற்கான தேசியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைமையை ஏற்றவர்களுள் ஒருவர் அப்போது மினியாபொலிஸ் நகர முதல்வராக இருந்து பிற்காலத்தில் அமெரிக்க உபஜனாதிபதியான ஹியூபர்ட் ஹம்ப்றி. வழக்குகளும் தொடுக்கப்பட்டன. இலினோய் மாநிலத்து நீதிமன்றம் ஒன்று 1950இல் சங்கத்துக்கு 2,500 டொலர் தண்டம் விதித்தது. அவ்வாண்டு மே மாதம் கூடிய மகாநாட்டிலே நிறத்தடை நீக்கப்பட்டது. பெண்கள் சங்கமும் அதே ஆண்டில் நீக்கியது. ஆகவே சிக்காகோவின் எட்டு ஆட்டங்கள் நடந்த வேளையில் ஏட்டளவில் கதவு திறந்திருந்தது. ஆயினும் பல்லாண்டு பூட்டியிருந்த கதவு திறந்த மறுகணமே உள்ளே கூட்டம் நிறைந்துவிடுவதில்லை. பயிற்சிக்கு நல்ல தளம் வேண்டும். பயணத்துக்குப் பணம் வேண்டும். நுழைய விடும் நிலையம் வேண்டும். இதனால் லாட்விக் அம்மையாரின் 1,981 புள்ளிகளில் ஒன்றும் குறையாது. அந்த எண்ணை எழுதிய ஏட்டில் எவருடைய பெயர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதுதான் நம் கருத்து.

1950களில் போலிங் தொலைக்காட்சிக்கு வந்தது. ஒரு பந்து, பத்துக் குற்றிகள், ஒரு முகம். சிறிய திரைக்குள் அடங்கக்கூடிய ஆட்டம் இதைப் போல் வேறு சிலவே. இல்லந்தோறும் லாட்விக் அம்மையாரின் முகம் அறிமுகமாயிற்று. போலிங் எழுத்தாளர் சங்கம் ஆண்டுதோறும் தெரிவு செய்யும் சிறந்த வீராங்கனையாக 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டு தொடர்ச்சியாக அவரே தெரியப்பட்டார். பின்னர் 1957, 1958, 1959 ஆகிய ஆண்டுகளிலும், இறுதியாக 1963இலும் அப்பட்டம் அவரிடம் வந்தது. ஆக ஒன்பது முறை. இடையில் அவரை வென்றவர்களும் இல்லாமலில்லை. அவர்களுள் பிலடெல்பியாவைச் சேர்ந்த சில்வியா வீன் குறிப்பிடத்தக்கவர். ஐந்தடி உயரமும் நிரம்பாத அப்பெண்மணி 1955இலும் 1960இலும் ஓல் ஸ்டார் பட்டத்தை லாட்விக் அம்மையாரிடமிருந்து தட்டிச் சென்றார். வலுவான எதிரி இல்லாத வீரருக்குப் புகழ் இல்லை. லாட்விக் அம்மையாரின் பிற்காலப் புகழில் ஒரு பங்கு வீன் அம்மையாருக்கும் உரியது.

பரிசுப் பணத்தில் ஆடவருக்கும் பெண்டிருக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு பெரிது. ஆடவர் தம் தொழில்முறைச் சங்கத்தை 1958இல் அமைத்துப் பெரும் பரிசுகளுடன் போட்டிகள் நடத்தத் தொடங்கியபோது பெண்களும் அவ்வழியைப் பின்பற்றித் தமக்கெனத் தொழில்முறைச் சங்கம் கண்டனர். அதன் முதற் சம்பியன் போட்டி 1960இல் நடைபெற்றது. அதிலும் வென்றவர் லாட்விக் அம்மையாரே. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. வருவாயின் பெரும்பகுதி இத்தகைய பரிசுகளால் வந்ததன்று. பந்தும் தளமும் செய்யும் பிறன்சுவிக் நிறுவனத்தின் சார்பில் ஊரூராகச் சென்று ஆடிக் காட்டுவதும், புதிதாக வருவோருக்குக் கற்பிப்பதும் அவருடைய தொழிலாயின. புதிய நிலையம் ஒன்று திறக்கப்படும் நாளில் அவரை அழைத்தால் அவ்வூர்ப் பெண்கள் கூட்டமாய் வருவர் என்பதை நிலைய உரிமையாளர் நன்கு அறிந்திருந்தனர்.

1963ஆம் ஆண்டு ஓல் ஸ்டார் போட்டியில் அவர் எட்டாவது முறையாக வென்றார். வயது நாற்பத்தெட்டு, பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டவர். பத்திரிகைகள் அவரைப் 'பாட்டி' என்றே செல்லமாக எழுதின. அச்சொல்லில் அன்பு இருந்ததை மறுக்க முடியாது. ஆயினும் நாற்பத்தெட்டு வயதில் வென்ற ஓர் ஆடவரைப் 'பாட்டனார்' என்று தலைப்பிட்டிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. 1964இல் பெண்கள் சங்கம் அவரைத் தனது புகழ் மண்டபத்தில் சேர்த்தது. மறு ஆண்டு, 1965இல், அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். தோற்றுத் தேய்ந்து விலகவில்லை. முன்னணியில் நிற்கும்போதே விலகினார்.

1973இல் போலிங் எழுத்தாளர்களிடையே நடத்தப்பட்ட வாக்கெடுப்பில், அதுவரை ஆடிய பெண்கள் அனைவருள்ளும் தலைசிறந்தவர் என அவர் தெரியப்பட்டார். அவர் வென்ற ஓல் ஸ்டார் போட்டி 1971 முதல் 'யு. எஸ். ஓப்பன்' என்னும் பெயரைப் பெற்றது. 1916இல் நாற்பது பெண்கள் தொடங்கிய தனிச் சங்கமும், 1895இல் தோன்றிய ஆடவர் சங்கமும் 2005ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்தன. ஆடவரும் பெண்டிரும் ஒரே சங்கத்தின் கீழ் வந்த அந்நாளையும் அவர் உயிரோடிருந்து கண்டார். 2010 ஏப்ரில் மாதம், தமது தொண்ணூற்றைந்தாவது வயதில், பிறந்த ஊராகிய கிராண்ட் ரப்பிட்ஸிலேயே காலமானார்.